நான்காவது ஜாடி

ரை தானியத்தை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன்.
காலையில் ஒரு கொதி, பிறகு வடி.
வெடித்த மணி ஆகாது,
கஞ்சி விட்டால் ஜாடியே பாழ்.
துணியில் பரப்பி அள்ளிப் பார்த்தால்
கையில் ஒட்டாமல் உதிர வேண்டும்.
ஒரு சிட்டிகை ஜிப்சம்.
குக்கர் ஒன்றரை மணி நேரம் சீறியது.
வெளியே வோருவின் பனி
பாதி ஜன்னல்வரை ஏறியிருந்தது.

சிங்கப்பிடரிக் காளான்.
தார்த்து நகரத்து மருந்துக்கடை
தூளாக்கி, நரம்புக்கு நல்லதென்று விற்கிறது.
எங்கள் நரம்புக்கு
நாங்கள் இன்னும் தின்று பார்க்கவில்லை.

குளியல்தொட்டிமேல் பலகை,
பலகைமேல் ஸ்பிரிட் விளக்கு,
கதவிடுக்கில் ஈரத் துண்டு.
முகமூடி போட்ட இரண்டு திருடர்களாய்
நானும் உர்மாஸும்.

இங்கே பேசக்கூடாது.
வாயிலிருந்து விழுவதெல்லாம்
தானியத்தில் முளைக்கும்.
ஒரு ‘ம்’ கூடப் போதும்.

சமையலறையில்
வெண்ணெய்க் கத்திக்கே சண்டை போடுகிறவர்கள் நாங்கள்.
காருக்கு, கடனுக்கு,
அன்றைக்கு யார் முதலில்
அவளிடம் கத்தினார்கள் என்பதற்கு.
இங்கே அவர் மூடி திறப்பார்,
வெண்ணிழை படர்ந்த மணிகளை நான் சரிப்பேன்,
அவர் மூடுவார்.
முப்பது வருஷத்தில் எங்கள் கைகள்
இவ்வளவு ஒத்துப்போனதில்லை.

நான்காவது ஜாடி.
மூடி திறந்திருக்கும்போதே கேட்டார்:
“கெர்ட்டு ஃபோன் பண்ணினாளா?”

நான் தலையைக்கூட அசைக்கவில்லை.
கரண்டியைச் சுடரில் காட்டினேன்
சிவக்கும்வரை,
சிவந்த பிறகும்.

ஏழாம் நாள்
பதினொரு ஜாடியிலும் கண்ணாடியோரம் வெள்ளை.
நான்காவதில் மட்டும்
கட்டைவிரல் நகமளவு பச்சை.
அவர் கேட்டதா,
நான் சொல்லாததா,
இல்லை, குக்கரின் தேய்ந்த வாஷரா?
பூசணம் பெயர் எழுதிக்கொண்டு வருவதில்லை.

வீட்டுக்குள் திறக்கவே கூடாது அதை.
மண் கல்லாய் இறுகியிருந்தது;
கொட்டகைக்குப் பின்னால்
பனியைத் தோண்டிப் புதைத்தேன்.
வசந்தத்தில் வெளியே வரும், தெரியும்.
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவற்றைக் குலுக்க வேண்டிய நாள் இன்று.
உர்மாஸ் ஜாடியை உள்ளங்கையில்
தட்டித் தட்டிக் கட்டியை உடைக்கிறார்.
ஏழு நாள் பின்னிய இழை அறுந்து
வெண்மை காணாமல் போய்
வெறும் தானியம் மறுபடி.
“செத்துவிட்டதா?” என்கிறார்.
“நாலு நாளில் திரும்பும்,
முன்னைவிட வேகமாய்.”

மூடியிருக்கிற ஜாடி. பேசலாம்.

“பண்ணவில்லை” என்றேன்.

அவர் அடுத்த ஜாடியை எடுத்தார்.
கொஞ்ச நேரம் தட்டாமல்
வைத்துக்கொண்டிருந்தார்.