பதினான்காம் விதி

"குளம் என்ற சொல் தாளில் வந்தால்
நீர்நிலைக் கோப்பு.
நி.மு. நிரந்தரமாக வைக்கவும்."
மைமூன் எழுதிய விதிகளில் இது பதினான்காவது.
எழுதுவது அவள் வேலை,
உடைத்துப் பார்ப்பது என் வேலை.
இரண்டுக்கும் ஒரே ஒப்பந்தச் சம்பளம்,
பத்தாம் தேதிக்குப் பிறகு எப்போதாவது.

ஐந்நூறு தாள்கள் கொடுத்தோம்.
மார்கழி வெள்ளத்தில் ஊறி
கயிற்றில் காய்ந்து
ஓரமெல்லாம் அப்பளமாய்ச் சுருண்டு
ஸ்கேனர் கண்ணாடியில் வண்டல் உதிர்த்த தாள்கள்.
சோதனை ஓட்டம்தான், எதையும் அழிக்காது.
அழித்திருப்பேன் என்று மட்டும் சொல்லும்.

முதல் ஓட்டம்.
ஐந்நூறும் குளம்.
துப்பாக்கி உரிமம் குளம்.
சாதிச் சான்று குளம்.
தேர்தல் வேலைக்கு வராத வாத்தியாரின்
நாலு பக்க விளக்கம் குளம்.
மூன்று மின்விசிறி வாங்கிய ரசீது
நிரந்தரமாகக் குளம்.

"சவம், என்னட்டி இது"
என்று திரையைத் திருப்பினாள் மைமூன்.
அப்போதுதான் பார்த்தோம்
ஒவ்வொரு தாளின் நெற்றியிலும்
ஊதா மையில் வட்ட முத்திரை:
கொக்கிரகுளம், திருநெல்வேலி.
நாங்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த இடம்.

நெற்றியைப் படிக்காதே என்றோம் விதியிடம்.
இரண்டாம் ஓட்டத்தில் இருநூற்றுப் பதினொன்று.
ஆலங்குளத்துக்காரர்கள் மொத்தப் பேரும்
இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தார்கள்.
வருவாய்க் கிராமப் பட்டியல் வாங்கி
ஊர் ஊராய்க் கரையேற்றினோம்,
இரண்டு நாள் ஆயிற்று.

ராதாபுரம் பக்கத்து மனு ஒன்றில்
'கொளம்' என்று எழுதியிருந்தார்கள்.
மடை உடைந்து கடைசி வயல்வரை கருகிய மனு.
அதை மட்டும் விதி தொடவே இல்லை,
மூ.மு. என்று ஒதுக்கியது,
மூன்று வருடத்தில் எரிக்க.
'கொளம்' சேர்த்தோம்.

மூன்றாம் ஓட்டம்: முப்பத்தெட்டு.
முப்பத்தேழு சரி.
ஒன்று என் விடைத்தாளோடு ஒட்டவில்லை.

நெடுவாகுளம் நகர், மூன்றாம் தெரு,
கதவு எண் 22சி, வீட்டு வரிப் பெயர் மாற்றம்,
மனுதாரர் சு. பலவேசம்.
நான் எதிர்பார்த்தது: வரி. ப.மு. பத்து வருடம்.
விதி சொன்னது: நீர்நிலை. நிரந்தரம்.
புது நகர், கிராமப் பட்டியலில் கிடையாது,
சிவப்பில் 'தவறு' போட்டேன்.

போட்ட பிறகுதான் இரண்டாம் பக்கம் திறந்தேன்.
'ஐயா, தண்ணீர் நான்கு நாள் நின்றது
ஜன்னல் மட்டம்.
பத்திரம் கரைந்துவிட்டபடியால் நகல் இணைக்கவில்லை.
புல எண் 418.'

418-ஐ எங்கோ பார்த்திருந்தேன்.
தேடினேன்.
சரியென்று நான் டிக் போட்ட முப்பத்தேழில் ஒன்று,
1974, மடைப் பலகை மாற்றிய செலவு,
ரூபாய் நூற்று எண்பது.
நெடுவாகுளம், புல எண் 418,
முழுப் பரப்பும் நீர்ப்பிடிப்பு.

மைமூனைக் கூப்பிட்டேன்.
படித்தாள். நகத்தைக் கடித்தாள்.
"குளத்துல போட்டா
நாளைக்கு எவனாவது பொக்லைனோட வருவான்ட்டி.
வரியில போட்டா
பத்து வருசத்துல இந்தக் கடுதாசி போயிரும்,
தண்ணி மறுபடி வரும்,
ஏன் வந்துச்சுன்னு கேக்க நாதி இருக்காது."
ஒரு தாளுக்கு ஒரு பெட்டிதான்
கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து போன்.
விதி என்று அவர் சொல்லமாட்டார், ரூல் என்பார்.
"எத்தனை ஃபெயில்?"
ஒன்று என்றேன்.
"ரூலைத் திருத்துங்க."
ரூல் சரியாத்தான் சார் இருக்கு.
"அப்போ விடையைத் திருத்துங்க. இன்னைக்கே வேணும்."

தவறை அழித்தேன்.
சரி என்று அடிக்க வரவில்லை.
கட்டத்தைக் காலியாக விட்டால்
சேமிக்க மாட்டேன் என்றது.

கீழே மைமூன் ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருந்தாள்.
தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

மூடப் போனேன்.
மாற்றங்கள் இழக்கப்படும், பரவாயில்லையா
என்று கேட்டது.
அதையாவது கேட்டது.