மூச்சு வாங்காத மேடு

கட்டபெட்டு முக்கில், வர்க்கி அடுப்புக்கு மேல்மாடி.
மணிக்கு நாற்பது ரூபாய்.
கடிகாரம் பார்ப்பது என் வேலை.
தரை வழியே சூடு ஏறுவதால்
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
வெறுங்காலோடுதான் கோட்டை பிடிப்பார்கள்.

இன்று ஐந்தாவது முறையாகத் தோற்றார்கள்.
குன்றின் உச்சி இவர்கள் கையில்.
ஈட்டிகளைச் சாய்த்து நட்டு
கேடயத்தோடு கேடயம் ஒட்டி நின்றார்கள்.
கீழிருந்து ஓடி வந்தார்கள் அவர்கள்,
இரும்புச் சட்டை, இரும்புத் தொப்பி, இரண்டு கைக் கோடரி.
ஓடி வந்த வேகம் குறையாமலே வெட்டினார்கள்.

"அநியாயம்" என்றான் ஹாலன்.
"அவ்வளவு இரும்போட இந்த மேடு ஏறுறவன்
கோடரியத் தூக்குவானா
ஊனிக்கிட்டு நிப்பானா?"

ரெஜினால்டு பட்டறைக்காரன். இரும்புக்குப் பரிந்தான்.
"அந்த பாரம் தோள்ல மட்டும் இல்லடா,
உடம்பு பூரா பிரிச்சு மாட்டியிருக்கும்.
தப்பு உன் அணியில. இடப்பக்கம் யாரு?"
"இடப்பக்கம் பள்ளம்."
"பள்ளத்துலதான் வந்தான்."

ஷபீக்குக்கு மழைமேல் கோபம்.
திரையில் அப்படிக் கொட்டுகிறது,
வில் நாண் நனையவில்லை,
சேறு ஒரு காலையும் பிடிக்கவில்லை,
தலைக்கவசத்தின் கீறல் வழியே
உலகமே தெரிகிறதாம்.
"கோடநாடு வளைவுல, மிஸ்ட்ல,
வைப்பர் நின்னுபோன பிக்கப்ப ஓட்டிப் பாரு.
அதுதான் தலைக்கவசம்."

நால்வரில் அதிகம் பேரை வெட்டியவள் நிஷாந்தினி.
திரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்:
"எல்லாம் உண்மையா இருந்தா
நாம முதல் வாரமே கூடாரத்துல
வயித்துப்போக்குல செத்திருப்போம்.
அடுத்த சுத்து போடு."

போடவில்லை.
ஷபீக்கின் வண்டியில் பச்சை இலை மூட்டை இருந்தது,
முப்பது கிலோ, மழைக்கு முன் நிறுத்தது.
பாலத்தடியிலிருந்து பள்ளிக்கூடம் வரை நூற்றுப் பதினான்கு படி.
ஹாலன் மூட்டையோடு ஏறி வர வேண்டும்,
மேலிருந்து ரெஜினால்டு குடையோடு இறங்கித் தாக்க வேண்டும்.
செருப்பு மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

நான் மட்டும் இருந்தேன், நான்கு திரைகளோடு.
அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் இடத்தில்
நான்கு வீரர்கள் நின்றார்கள்.
கவனித்தேன், அவர்களுக்கு மூச்சு வாங்கியது.
நெஞ்சுக் கவசம் ஏறி ஏறி இறங்கியது.
ஓடும்போது இல்லாத மூச்சு
யாரும் தொடாதபோது எங்கிருந்தோ வந்திருந்தது.
ஒருவன் தோளைச் சுழற்றி வலி எடுத்துக்கொண்டான்.
கீழே வர்க்கி வெந்த வாசனை.

திரும்பியபோது பாதிப் பேர் சேறு.
எழுபத்தொன்றாம் படியில் ஹாலன் உட்கார்ந்துவிட்டானாம்.
வெட்ட வந்த ரெஜினால்டு
தொண்ணூறாம் படியிலேயே வழுக்கி
முட்டி பெயர்ந்து, படி படியாய்
உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தானாம்.
இருவருக்கும் நடுவில் மூட்டை.
யார் ஜெயித்தது என்பதில் தகராறு.
"ஏறுறவனுக்கு நெஞ்சு, இறங்குறவனுக்கு முட்டி"
என்று தீர்ப்புச் சொன்னாள் நிஷாந்தினி,
கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே.
ஷபீக்குக்கு வேறு கவலை:
நனைந்த இலைக்கு ஃபேக்டரியில்
எத்தனை கிலோ கழிப்பான்?

வெளியே போன பதினேழு நிமிடமும் கணக்கில் உண்டு என்றேன்.
யாரும் வாதாடவில்லை. ஆச்சரியம்தான்.

ஆறாவது சுற்றில் உச்சியை விட்டுவிட்டார்கள்.
"மேடு அவனுங்களுக்கு இனாம்தானே,
வெச்சுக்கட்டும்" என்று
இடப்பக்கப் பள்ளத்தில் பதுங்கினார்கள் நால்வரும்.
தோற்றார்கள்.
முன்னைவிட நாலு நிமிடம் தாமதமாக.

ஹாலனுக்கு இன்னும் இளைப்பு அடங்கவில்லை.
வாயைத் திறந்துகொண்டு பொத்தானை அழுத்தியபடி இருந்தான்.
அவனுடைய ஆள் ஓடிக்கொண்டிருந்தான்,
மேடு, பள்ளம், மேடு.