எத்தனை திராட்சை

லேவார்டனில் பனி விழும் அதிகாலை.
ரொட்டிக்கடைப் பின்னறையில் ஹில்ட்யே மாவு பிசைகிறாள்.
"இதில் நஞ்சு கலந்தாய்,
ஊருக்கே தெரியும்" என்கிறது
பதினோரு வருடமாய்
இடது காதோரம் குடியிருக்கும் குரல்.

முன்பெல்லாம் மாவை அப்படியே கொட்டிவிடுவாள்.
வாளி வாளியாக.

இன்று அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைக் காட்டிக் கேட்டாள்:
"எல்லாம் தெரிந்த ஆள்தானே நீ,
சொல், இதற்குள் எத்தனை திராட்சை?"

கொஞ்சம் தயங்கி,
"நாற்பது" என்றது.

பிய்த்துப் பிய்த்து எண்ணினாள்.
முப்பத்தொன்று.
ஒன்றைத் தின்றாள். மறுபடி ஒன்று.
வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

குரல் போகவில்லை.
"திருடி" என்று ஆரம்பித்தது.
"சாயங்காலம் ஏழு மணிக்கு வா, பேசலாம்"
என்றாள், கையிலிருந்த மாவைத் தட்டியபடி.
"இப்போது கடை திறக்கணும்.
வரும்போது
எண்ணக் கற்றுக்கொண்டு வா."