கோக்கா இல்லாத கன்னம்

பொட்டோசியில் கன்னம் வீங்கியிருந்தால்
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனும்
கோக்கா இலையை அங்கேதான் அதக்கி வைக்கிறான்.

மூன்று நாள் எலெயுத்தேரியோ
அப்படித்தான் தப்பித்தான்.
நாலாம் நாள் விடியலில்,
"இலைப் பை நிறைந்தபடி கிடக்கிறது,
அப்புறம் இவன் வாயில் இருப்பது என்ன?"
என்று கேட்டுக்கொண்டே
அவனை இழுத்து வந்தாள் பெனித்தா.
என் இரவுப்பணி முடிய நாற்பது நிமிடம் இருந்தது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவனுக்குப் பல் போகவில்லை.
கீழ்க் கடைவாயில் கறுத்துக் குழிந்து
அது பாட்டுக்கு இருந்தது.
சொல்தான் முதலில் போயிருந்தது;
சுட்ட கிழங்கை ஆறுமுன் வாயிலிட்டவன் போலக்
குழறினான்.

திற என்றேன். ஒன்றரை விரல்தான் நுழைந்தது.
டார்ச் வெளிச்சத்தில்
நாக்கு அண்ணத்தை நோக்கி ஏறியிருந்தது.
விழுங்க முடியாத எச்சில்
சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது.
தாடைக்கடியில் இருபுறமும் அழுத்தினேன்.
சீழ் தேங்கியிருந்தால் விரலுக்குத் தளும்பும்.
தளும்பவில்லை.
சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரம் மாதிரி
இறுகிக் கிடந்தது.

படுக்க வைத்து ஸ்கேன் எடுங்கள் என்றது
தொலைபேசியில் ஒரு குரல்.
படுத்தால் நாக்கு சரியும்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்றே கடன்.
படுக்க வைக்கவில்லை.

பெனிசிலின் சொட்டத் தொடங்கியிருந்தது.
உட்கார்ந்தபடியே
தோல் மரக்க ஓர் ஊசி மட்டும் போட்டு,
விழித்திருந்த கண்களைப் பார்த்துச் சொன்னேன்:
"உன் கழுத்தை அறுக்கப்போகிறேன்."
தலையசைத்தான்.
அசைக்காதே என்றேன்.

குழாய் உள்ளே போனதும் ஒரு சீறல்.
கம்ப்ரசர் திறக்கும்போது
சுரங்கத்தில் கேட்கும் அதே சத்தம்.
கண்ணை மூடினான்.

அப்புறம்தான் ஸ்கேன், மயக்கம், கத்தி.
தாடைக்கடியில் நீளமாகக் கீறி
விரலை விட்டு அறையறையாகத் திறந்தோம்.
கழுத்துக்குள்ளும் சுரங்கங்கள் உண்டு,
ஒன்றுக்குள் ஒன்று வாசல்.
கடைசி வாசல் நெஞ்சுக்கு இறங்குகிறது.
அதுவரை போகவில்லை.
சீழ் ஒரு கரண்டிகூடத் தேறாது,
நாற்றம் மட்டும் அறை கொள்ளவில்லை.
பல்லைப் பிடுங்கியது கடைசியில்.
ஒரு நிமிட வேலை.

ஒன்பதாம் நாள்
தொண்டை ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு
முதல் கேள்வி கேட்டான்:
எத்தனை நாள் கூலி போச்சு?

பெனித்தா பதில் சொல்லவில்லை.
இரண்டு விரலால்
அவன் தாடைக்கடியில் அழுத்திப் பார்த்தாள்,
நான் அழுத்திய அதே இடத்தில்,
என்னைவிட நிதானமாக.