இடது ஓரம்

டண்டீ பக்கம் போர்க்களம் சுற்றிக்காட்டும் விடுதிக்கு
ஆறு ராணுவ அதிகாரிகள் வேண்டுமாம்.
ஆளுக்கு நாலடி உயரம், எண்ணெய் வண்ணம்,
தங்க முலாம் சட்டத்தோடு, சாப்பாட்டு அறைக்கு.
அசல்கள் கடல் தாண்டி யாரோ ஒருவர் மாளிகையில்.
எனக்கு வந்தவை மின்னஞ்சலில் புகைப்படங்கள்.

மாரிட்ஸ்பர்க், ரெய்ஸ்தோர்ப்பில்
கார் நிற்கவேண்டிய ஷெட்டில்
கர்னல்கள் காய்கிறார்கள்.
கார் மழையில் நிற்கிறது.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மிசஸ் பெருமாள்,
'கோகீ, இத்தனை வெள்ளைக்காரர் வந்திருக்கிறார்களே,
சாப்பாடு போட்டாயா?'

ஐந்து பேரால் தொல்லையில்லை.
எல்லா மீசைக்கும் ஒரே தூரிகை.
பித்தளைப் பொத்தானுக்கு மூன்று புள்ளி வெள்ளை வைத்தால்
வெயில் தானாக வந்து உட்காரும்.
பதக்கங்களை மட்டும் எண்ணி வைக்கவேண்டும்.
ஒன்று குறைந்தாலும் கடிதம் வரும்.

ஆறாமவர் குதிரைமேல்.
படத்தின் இடது ஓரத்தில்
கடிவாள வாரைப் பிடித்தபடி ஒரு கை.
மணிக்கட்டு வரைதான்.
அதற்குமேல் ஆளைச் சட்டம் வெட்டிவிட்டது.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
பொத்தானுக்குப் பொத்தான் மினுக்கிய அந்த ஓவியர்
கைக்கு மூன்றே இழுப்பு இழுத்திருக்கிறார்.
நகம் கிடையாது.
குதிரையின் விலாவுக்குக் குழைத்ததில் மிச்சம்,
அதே பழுப்பு.

கேன்வாஸ் இழுத்து ஆணியடிக்கும் ஜபுலானி
என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னான்:
'எங்கள் ஆள்.'
'எங்கள் ஆளாகவும் இருக்கலாம்.'
'உங்கள் ஆட்கள் கரும்புக்காட்டில் அல்லவா இருந்தார்கள்?'
'குதிரைக்கும் ஆள் எடுத்தார்கள்.'
தெரிந்து சொல்லவில்லை.
விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.
தேநீர் ஆறும்வரை சண்டை.

மறுநாள் முழுக்க அந்தக் கைக்கே போனது.
மின்சாரம் நின்ற இரண்டு மணி நேரமும்
காரைத் திருப்பி நிறுத்தி
முன்விளக்கில் வரைந்தேன்.
நகல் எடுப்பவள் செய்யக்கூடாததைச் செய்தேன்:
நகங்கள் வைத்தேன்.
கட்டைவிரல் கணுவில் ஒரு வெடிப்பு.
எப்போதோ குதிரை தலையை உதறியபோது
வார் அறுத்த கோடு ஒன்று.
பழுப்பில் துளி நீலம், துளி சிவப்பு,
கர்னலின் சட்டைச் சிவப்புதான்,
அதற்கென்று வேறு டியூப் திறக்கவில்லை.

படமெடுத்து அனுப்பினேன்.
விடுதிக்கார ஹேதர்லி எழுதினார்:
'அற்புதம். அந்த இடது ஓரக் கை மட்டும்
கண்ணை இழுக்கிறது. எடுத்துவிடலாமே?'

நூற்று இருபது வருஷம்
யார் கண்ணிலும் படாமல்
பத்திரமாக இருந்திருக்கிறது.
ஒழுங்காக வரைந்து
நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

முன்பணம் செலவாகிவிட்டது.
ஜபுலானிக்குக் கூலி பாக்கி.
டர்பன்டைன், பழைய துணி.
ஈரம் காயாததால் சுலபமாக வந்தது.
கொஞ்சம் புல்லும் கொஞ்சம் வானமும் வைத்து மூடினேன்.

வாரைத் தொடவில்லை.
இறுகியே இருக்கிறது.
ஓரத்துக்கு அரைச் சாண் முன்னால்
காற்றில் முடிகிறது.
குதிரை இன்னும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறது.

இன்று இன்னொரு கடிதம்:
வாரைக் கொஞ்சம் தளர்த்த முடியுமா?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
வார் தளர்ந்தால் கழுத்து நிமிரும்.
கழுத்து நிமிர்ந்தால் முன்னங்கால் இடம் மாறும்.
கால் மாறினால் சேணம் சரியும்,
கர்னலின் முதுகைத் திரும்ப வரையவேண்டும்,
முகத்தையும்.
பிடிக்க ஆளில்லாத குதிரைமேல்
இவ்வளவு நிம்மதியாகத் தூரத்தைப் பார்க்க முடியாது.

எட்டாயிரம் ராண்ட் கூடுதல் என்று எழுதினேன்.
பதில் இல்லை.

ஷெட்டைக் கூட்டிய ஜபுலானி
அந்தத் துணியை எடுத்து மடித்து
தன் சட்டைப்பையில் வைக்கப் போனான்.
'அது இங்கேயே இருக்கட்டும்' என்றேன்.
மறுபடி ஆரம்பித்தது.