ஏழாம் டோக்கன்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
மண்டபத்தில் ஒரு விசைப்படகும் நகரவில்லை.
ஐஸ் கம்பெனியில் அரைவை இயந்திரம்
வாய் மூடிக் கிடக்கிறது.
கணக்கெழுத எனக்கு ஒரு வரியும் இல்லை.
"ஒரு விளையாட்டு இருக்கு, வாங்க" என்றேன்.

வந்தது மூன்று பேர்.
ஐஸ் கட்டி தள்ளும் சந்தியாகு.
பாசி எடுக்கப் போய்ப் பாதியில் திரும்பிய நம்புசெல்வி,
விரலில் சுற்றிய துணியை இன்னும் அவிழ்க்காமல்.
லோடு ஆட்டோ கலீல்,
ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தபடி.

போர்டு எங்க, என்றான் கலீல்.
போர்டு இல்லை.
சீட்டு?
இல்லை.
காசு?
அதுவும் இல்லை.
"பிறகு எதை வச்சுத் தோக்குறது?"

கோயம்புத்தூர் விடுதியில் முதல் நாள்
எனக்குக் கேட்கத் தெரியாத கேள்வி.

நான் ஓர் இடத்தைச் சொல்வேன் என்றேன்.
அங்கே நீங்கள் நிற்பீர்கள், வேறு ஆளாக.
என்ன செய்கிறாய் என்று கேட்பேன்,
நீங்கள் சொல்ல வேண்டும்.
அது பலிக்குமா என்பதை மட்டும் பகடை சொல்லும்.

பகடைக்கு இருபது முகம்.
கூரியரில் வந்து
மூன்று நாளாய் ராமநாதபுரத்தில்
மழைக்கு ஒதுங்கி நிற்கிறது.
அதனால் ஐஸ் டோக்கன்கள்.
ஒன்றிலிருந்து இருபது, ஒரு பிளாஸ்டிக் கோப்பையில்.
ஏழு மட்டும் இல்லை.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சந்தியாகு மந்திரவாதி ஆனான்.
"பங்குச்சாமிக்குச் சொல்லிராதீங்க."
கலீல் வாள்வீரன்.
வாள் எத்தனை கிலோ, எத்தனை நாள் கேரண்டி?
நம்புசெல்வி நெடுநேரம் காகிதத்தைப் பார்த்தாள்.
"ஆம்பளையா இருக்கலாமா?"
இருக்கலாம்.
"கிழவனா?"
இருக்கலாம்.
"வேண்டாம். பொம்பளையாவே இருக்கேன்.
மூச்சு மட்டும் நிறைய வேணும்."

கடலை விரித்தேன்.
நீல ஸ்கெட்ச் பேனாவில் நான் வரைந்த கடல்.
தீவைத் தாண்டி ஒரு குகை,
குகைக்குள் தீ கக்கும் டிராகன்.
"இப்ப என்ன காத்து?" என்றாள்.

எழுதி வைத்த நாற்பது பக்கத்தில்
காற்றே இல்லை.

"வாடைன்னா அங்கிட்டுப் போக முடியாது.
பார்மேல ஏத்தி விட்டுரும்."
வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்தேன்.
பார் இங்கே, நீர் இழுப்பது இங்கே.
டிராகன் அந்தக் குகையில் இருக்காது,
கச்சானில் புகை உள்ளேயே நின்றுவிடும்,
இந்தப் பக்கம்தான் படுத்திருக்கும்.
நகர்த்தி வைத்தேன் டிராகனை.

கலீல் வெட்டினான். டோக்கன் இரண்டு.
வாள் வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று.
"கேரண்டி கேட்டேன்ல!"
சந்தியாகுக்குப் பத்தொன்பது.
எழுந்து நின்றுவிட்டான்,
கை இரண்டும் மேலே,
எழுந்தது அவனுக்கே தெரியாது.

நம்புசெல்வி சண்டைக்குப் போகவில்லை.
"முங்குறேன்" என்றாள்.
மேசையில் உட்கார்ந்தபடியே மூச்சைப் பிடித்தாள்.
நாங்களும் பிடித்தோம்.
நான் முதலில் விட்டேன், பிறகு சந்தியாகு,
கலீல் இருமினான்.
அவள் இன்னும் கீழேதான் இருந்தாள்.

மேலே வந்ததும் விதிப்படி கேட்டேன்,
உன் மூட்டையில் என்னென்ன?
"கயிறு. அரிக்கேன் விளக்கு.
ஏழாம் டோக்கன்."

ஆடியில் ஒரு படகோடு போனது அது.
படகு அக்கரையில் கட்டிக் கிடக்கிறது.
அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தவன்
அவள் தம்பி.

டோக்கனுக்கு என்ன சக்தி என்று
நான்தான் சொல்ல வேண்டும்.
பக்கங்களைப் புரட்டினேன்.
சரி, கையில் இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டேன்.
கயிறு, விளக்கு, ஏழு.

கரண்ட் வந்தபோது இரவு ஒன்றரை.
இயந்திரம் உறுமிற்று.
கலீலின் இன்னொரு காலும் உள்ளே இருந்தது.
அடுத்த கூண்டுக்குத் தொடரலாம் என்று
கோப்பையை மூடினேன்.

வாசலில் செருப்புத் தேடிய சந்தியாகு திரும்பினான்.
"டிராகனுக்குப் பயந்து திரும்ப முங்குனாளே,
அவ இன்னும் தண்ணிக்குள்ளதான இருக்கா?"
ஆமாம்.
"அதுவரைக்கும் தாங்குமா?"

விரல் துணியை அவிழ்த்துக்கொண்டே
நம்புசெல்வி சொன்னாள்:
"அதான் நிறையக் கேட்டேன்ல."