நாலாம் வகுப்பு

நான் நாலாம் வகுப்பு படித்ததில்லை.
கோத்தகிரியில், எண்பத்து நாலு ஜூனில்
மூன்றிலிருந்து தூக்கி ஐந்தில் வைத்தார்கள்.
பதினேழாம் வாய்ப்பாட்டைத்
தலைகீழாகச் சொல்லச் சொன்னார்
ஹெட்மாஸ்டர் பெள்ளி சார்.
சொன்னேன்.
அவ்வளவுதான் பரீட்சை.

சரஸ்வதி நாக்கில் இருக்கிறாள் என்று
அன்று ராத்திரியே மிளகாய் சுற்றிப் போட்டாள் அம்மா.
அப்பா தபால் ஆபீஸில் எல்லோருக்கும் வர்க்கி வாங்கித் தந்தார்.
என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஐந்தாம் வகுப்பு பெஞ்சு உயரம்.
கால் தரையைத் தொடாது.
ஜன்னல் வழியே வருகிற பனி
தொங்குகிற காலைத்தான் முதலில் பிடிக்கும்.

பக்கத்தில் பவளக்கொடி, பன்னிரண்டு வயது.
தலைமன்னாரில் கப்பல் ஏறியவள்.
மண்டபம் முகாமில் ஒன்று,
லைன் வீடு கிடைக்கிற வரை இன்னொன்று என
இரண்டு வருடம் தொலைத்தவள்.
அவளுக்கு மக்கு என்று பெயர்.
எனக்கு மூளைக்காரி.
இரண்டு பெயருக்கும் ஒரே மைக்கூடு.

கீழே வளைவில் முனகும் பஸ்ஸை
சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்:
'மேட்டுப்பாளையம் வண்டி. டிரைவர் புதுசு.
பழைய ஆள் இவ்வளவு சீக்கிரம்
ரெண்டாம் கியருக்கு வர மாட்டார்.'
எட்டிப் பார்ப்பேன். புது ஆள்தான்.
அதற்கு மார்க் கிடையாது.

எனக்கோ நீள்வகுத்தல் வராது,
அது நாலாம் வகுப்புப் பாடம்.
விடை தெரியும், வழி தெரியாது.
ரஃப் நோட்டில் அவள்தான் காட்டினாள்:
'கீழே இறக்கு. இறக்கிட்டுக் கழி.'

ஆறாம் வகுப்பில் அவள் இல்லை.
கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் இறங்க
ஒருமுறை பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.
கை காட்டினேனா, நினைவில்லை.

பிறகு மூளைக்கு ஒரு எண் வந்தது.
நூற்று நாற்பதைத் தாண்டினால் மேதை என்றது
வாரப் பத்திரிகை.
ஹாஸ்டலில் நாங்கள் ஆளுக்காள் போட்டுப் பார்த்து
இரண்டு தரம் கூட்டிக்கொண்டோம்.

இப்போது குன்னூரில், பேக்கரிக்கு மேல் மாடியில்
டாக்டர் ஷெரின் எண் எதுவும் சொல்வதில்லை.
பதினோரு பக்கம் தருகிறார்.
என் முப்பத்தெட்டில் பிறந்த நிதர்சன்
நாலு இலக்கத்தை மனதில் பெருக்குவான்,
ஷூ லேஸ் கட்டத் தெரியாது,
பள்ளி மணி அடித்தால் மேஜைக்கு அடியில் இருப்பான்.
சில பட்டை கற்பூர மரம்,
சில பட்டை கவாத்து வெட்டிய தேயிலை.
எல்லாம் ஒரே பிள்ளைதான் என்கிறார்.

மீத்திறன் மாணவர் என்று எழுதிக்
கேட்டிருக்கிறது பள்ளி:
நாலைத் தாண்டிவிடலாமா?

இந்தத் தடவை பிள்ளையையே கேட்டேன்.
லேஸை இழுத்துக்கொண்டே கேட்டான்:
'நாலாம் வகுப்பில் என்ன இருக்கும்?'

தெரியாது என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
நீள்வகுத்தல் இருக்கும் என்றேன்.
'அது எனக்குத் தெரியுமே.'

கீழே வளைவில் ஒரு பஸ் கியர் மாற்றியது.
ஓட்டுவது யார் என்று
எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.